பிளாஸ்மாவில் காபமசெப்பின் பார்க்க டைக்குளோரோமெதேன் இல்லாமல் முடியாதா?

எழுவான்கரைப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் ஒரு ஆய்வுகூடத்தில் முதுமாணி ஆய்வு செய்கிறேன். வலிப்புக்குக் காபமசெப்பின் எடுக்கும் நோயாளிகளின் குருதியில் அந்த மருந்து எவ்வளவு நிற்கிறது என்று அளப்பதுதான் என் வேலை. லீற்றருக்கு 4 முதல் 12 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. குறைந்தால் வலிப்பு திரும்ப வரலாம். கூடினால் தலைசுற்று, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது என்று ஆளைப் படுத்திவிடும்.

எனக்கு முன்பிருந்தவர் விட்டுப்போன செய்முறையை அப்படியே செய்துவருகிறேன். 200 மைக்ரோலீற்றர் பிளாஸ்மாவுக்கு (குருதியணுக்களை நீக்கிய தெளிந்த பகுதி) 4 மி.லீ. டைக்குளோரோமெதேன் என்ற கரைப்பானை விட்டு, குலுக்கி, சென்றிபியூஜில் சுற்றி, அடியில் நிற்கும் படையை எடுத்து, நைதரசன் ஊதி உலர்த்தி, காய்ந்ததைத் திரும்ப 200 மைக்ரோலீற்றரில் கரைத்து, கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. மெசினில் ஏற்றுவேன். பிரிப்பு நடக்கும் குழாயான கொலம் 250 × 4.6 மி.மீ. சி-18. அதற்குள் ஓடும் கரைசல் (ஓடுகரைசல்) அசற்றோநைத்திரைல் 40, தண்ணீர் 60. நிமிடத்துக்கு 1 மி.லீ., ஒரு ஓட்டம் 12 நிமிடம், அளப்பது யூ.வி. (புற ஊதா) ஒளியில், 285 நனோமீற்றரில்.

ஒரு நாளைக்கு 40 ஓட்டம் போட்டால் டைக்குளோரோமெதேன் 160 மி.லீ., அசற்றோநைத்திரைல் 192 மி.லீ. கழுவுவதற்குப் போவது வேறு. இப்போது என் மேசைக்குக் கீழே 2.5 லீற்றர் பழுப்புப் போத்தல்கள் பதினொன்று நிரம்பி நிற்கின்றன. யாரும் வந்து எடுப்பதாக இல்லை.

டைக்குளோரோமெதேன் 40 பாகையில் கொதிக்கும். இங்கே சித்திரை வெயிலில் மத்தியானம் அறை 34 பாகைக்கு வந்துவிடும். கழிவுப் போத்தலின் மூடியைத் தளர்த்தினால் சோடாப் போத்தல் மாதிரி உஸ் என்று காற்று வெளியே வரும். போன மாதம் மின்வெட்டில் புகையகற்றி நின்றுவிட்டது. உலர்த்திக்கொண்டிருந்த குழாய்களை நான் மூடி முடிப்பதற்குள் அறை முழுக்க அந்த இனிப்பு வாடை. பக்கத்து மேசைத் தங்கச்சிக்குத் தலையிடி வந்து, பின்னேரம் வரைக்கும் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முன்பு பயிற்சிக்குப் போன ஒரு இடத்தில் கரைப்பான் கழிவைத் தொட்டியில் ஊற்றி, பைப்பைத் திறந்துவிடுவதை என் கண்ணால் கண்டேன். இது மணல் நிலம். கிணற்றில் தண்ணீர் பத்தடி பன்னிரண்டடியில் நிற்கிற ஊர். என் அம்மப்பா வாவியில் இறால் பிடித்துத்தான் அம்மாவை வளர்த்தார். அந்தத் தொட்டிக்குள் போனது எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை நான் செய்யமாட்டேன்.

ஆகவே கேட்கிறேன்: கழிவு குறைந்த, கரைப்பான் குறைந்த முறைக்கு மாறவேண்டும். எங்களிடம் இருப்பது பழைய எச்.பி.எல்.சி. ஒன்றுதான், மாஸ் ஸ்பெக்ரோமீற்றர் இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?


சம்மாந்துறைக் காக்கா:

தங்கச்சி, முதலில் அந்த உலர்த்தும் வேலையை நாளைக்கே நிறுத்துங்கள். டைக்குளோரோமெதேனை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 2024இல் பெரும்பாலான பயன்பாடுகளுக்குத் தடையே போட்டுவிட்டார்கள். புகையகற்றி நம்பமுடியாத இடத்தில் அதை ஊதி உலர்த்துவது சரியே இல்லை.

இனி உங்கள் செய்முறையை நீங்களே ஒருதரம் திரும்ப வாசித்துப் பாருங்கள். 200 மைக்ரோலீற்றர் பிளாஸ்மா எடுக்கிறீர்கள். கடைசியில் 200 மைக்ரோலீற்றரில் கரைக்கிறீர்கள். மருந்தைச் செறிவாக்கவே இல்லை! 4 மி.லீ. கரைப்பான் செலவழித்து நீங்கள் செய்தது புரதத்தை அகற்றியது மட்டும்தான். நனோகிராம் கணக்கில் நிற்கும் மருந்துக்கு இந்தப் பாடு தேவைப்படலாம். உங்களுடையது மில்லிகிராம் கணக்கு.

50 மைக்ரோலீற்றர் பிளாஸ்மா எடுங்கள். அதற்கு 100 மைக்ரோலீற்றர் குளிர்ந்த அசற்றோநைத்திரைல். உள்நியமத்தை (ஒப்பிட்டு அளப்பதற்காகத் தெரிந்த அளவில் சேர்க்கும் வேறொரு பொருள்) அதிலேயே கலந்துவையுங்கள். அரை நிமிடம் வோர்டெக்ஸ் மெசினில் குலுக்கல், பத்து நிமிடம் வேகமாகச் சுற்றல். புரதம் வெள்ளைக் கட்டியாக அடியில் ஒட்டிக்கொள்ளும். மேலே நிற்கும் தெளிவை எடுத்து, அதே அளவு தண்ணீர் சேர்த்து ஏற்றுங்கள். தண்ணீர் சேர்க்காமல் விட்டால் ஓடுகரைசலை விட மாதிரி வலுவாக இருக்கும். வரைபில் மருந்தைக் காட்டும் உச்சி முன்பக்கம் சரிந்து விகாரமாக வரும். கணக்கைப் பாருங்கள். 40 மாதிரிக்கு 160 மி.லீ. டைக்குளோரோமெதேன் போய், 4 மி.லீ. அசற்றோநைத்திரைல் மிஞ்சுகிறது. மருந்து ஆறு மடங்கு ஐதாகும், ஆனாலும் 285இல் காபமசெப்பின் நன்றாக உறிஞ்சும். லீற்றருக்கு 1 மில்லிகிராம் வரை கீழே இறங்கலாம். கொலத்துக்கு முன்னால் அழுக்கைப் பிடிக்கும் ஒரு கார்ட் கொலம் மட்டும் கட்டாயம் போடுங்கள், இந்த முறையில் அழுக்குக் கூடுதலாக உள்ளே போகும்.

அடுத்தது ஓடுகரைசல். அசற்றோநைத்திரைலை எல்லோரும் விரும்புவதற்கு ஒரு காரணம், அது 190 நனோமீற்றர் வரை யூ.வி.யை மறைக்காது. எதனோல் 210 வரைக்கும்தான். ஆனால் நீங்கள் பார்ப்பது 285இல். அந்த வசதி உங்களுக்குத் தேவையே இல்லை. காபமசெப்பின் நடுநிலை மூலக்கூறு, அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் பஃபரும் வேண்டாம். எதனோலும் தண்ணீரும் போதும். உடம்புக்குள் போனால் அசற்றோநைத்திரைல் சயனைட்டாக மாறும். எரித்தால் நைதரசன் ஒக்சைட்டுகள் வரும். எதனோல் கரும்பிலிருந்து வருவது. 2008 கடைசியில் உலகம் முழுக்க அசற்றோநைத்திரைல் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கிறதா? அது அக்ரிலோநைத்திரைல் தயாரிப்பில் உபரியாகக் கிடைக்கிற சாமான். அந்தத் தொழில் படுத்தபோது இதுவும் இல்லாமல் போனது. நான் அப்போதுதான் எதனோலுக்கு மாறினேன், திரும்பிப் போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. எதனோலும் தண்ணீரும் சேர்ந்தால் பாகு மாதிரித் தடிக்கும், அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேலேயும் போகும். கொலத்தை 45 பாகையில் வையுங்கள்.

முடிந்தால் 150 × 3.0 மி.மீ. கொலம் ஒன்று தேடுங்கள். விட்டம் குறைவதால் ஓட்டத்தை 0.42 மி.லீ.க்கு இறக்கலாம்; நீளம் குறைவதால் 12 நிமிடம் ஏழு நிமிடமாகும். ஓர் ஓட்டத்துக்கு 12 மி.லீ. போன இடத்தில் 3 மி.லீ. அதில் எதனோல் 30 வீதம் என்றால் 1 மி.லீ. கூட இல்லை. 2.1 மி.மீ. கொலத்துக்கு ஆசைப்படவேண்டாம். பழைய மெசினில் குழாய்களுக்குள்ளேயே உச்சி பரந்துவிடும்.


படுவான்கரை அக்கா:

நான் இருபது வருசம் எம்.எல்.ரி. (மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) வேலை செய்தவள். காக்கா சொன்னது ஆய்வுகூடத்துக்குள்ளே நடப்பது. நான் அதற்கு முந்தின இடத்திலிருந்து சொல்கிறேன், ஊசி குத்துகிற இடம்.

50 மைக்ரோலீற்றர் பிளாஸ்மா போதும் என்றால், 3 மி.லீ. குருதி ஏன் எடுக்கிறீர்கள் பிள்ளை? விரலில் ஒரு குத்துக் குத்தி, காகித அட்டையில் பொட்டு வைத்து உலர்த்தும் முறை 1963இலிருந்து இருக்கிறது. பிறந்த பிள்ளைகளின் குதிக்காலில் குத்தி எடுப்பதற்காக கத்ரி என்ற டொக்டர் கொண்டுவந்தது. குழாய், ஊசி, ஐஸ் பெட்டி, பிரீசர் எல்லாம் குறையும். கழிவு என்றால் கரைப்பான் மட்டும் இல்லையே. மஞ்சள் வாளியில் போகிற பிளாஸ்ரிக்கும் கழிவுதான்.

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. ஒரு ஆய்வுக்காக வாகரைப் பக்கத்திலிருந்து அட்டைகள் வரும். முதல் பஸ்சில் அட்டை வந்துவிடும், நோயாளி வரத் தேவையில்லை. ஒரு வயதான அம்மா, மகளோடு மாதா மாதம் விடியச் சாமம் எழும்பி வந்துகொண்டிருந்தவர், அட்டை முறை தொடங்கிய பிறகு என்னிடம் 'மகள், ஒரு நாள் கூலி மிச்சம்' என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த முறை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கார்த்திகை, மார்கழியில் பட்ட பாடு! வாடைக்காற்றும் மழையும் தொடங்கினால் மூன்று மணித்தியாலத்தில் உலரவேண்டிய பொட்டு மறுநாள் காலை வரை கசகசவென்று நிற்கும். ஒருமுறை ஈரத்தோடு பையில் போட்டுவிட்டோம். திறந்தபோது ஒரு மூலையில் சாம்பல் நிறப் பூஞ்சணம். இன்னொரு முறை இரவு மேசையில் விட்டுவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால் எறும்பு வரிசை கட்டி, நாலு பொட்டின் ஓரத்தை அரித்துவிட்டது. அதற்குப் பிறகு அட்டையைப் படுக்கைவசமாக ஒரு தட்டி மேல் வைத்து, மேசைக்கால்கள் நாலையும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் நிற்கவைத்தோம், அம்மாமார் மீன்சட்டிக்குச் செய்கிறமாதிரி. காய்ந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில். வெயிலில் மட்டும் வைக்கக்கூடாது.

இன்னொரு கவனம். குருதி குறைந்த ஆட்களின் பொட்டு அகலமாகப் பரவும். நடுவில் மூன்று மில்லிமீற்றர் வெட்டினால் அதற்குள் குருதி குறைவாக இருக்கும், மருந்தும் குறைவு மாதிரித் தெரியும். இங்கே சோகை உள்ள பெண்கள் எத்தனை பேர்? மருந்து போதவில்லை என்று நினைத்து டொக்டர் கூட்டிவிட்டால் என்ன ஆகும்? அதனால் பிப்பெற்றால் 20 மைக்ரோலீற்றர் அளந்து பொட்டு வையுங்கள், பிறகு பொட்டு முழுவதையும் வெட்டி எடுங்கள். அளவைத் தானே உறிஞ்சும் முனைகளும் இருக்கின்றன, 10, 20 மைக்ரோலீற்றர் என்று. விலைதான் கட்டாது.

பொட்டில் இருப்பது முழுக் குருதி, பிளாஸ்மா இல்லை. ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இரண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அந்த 4 முதல் 12 என்ற எல்லையைப் பேசலாம்.


மருதமுனைத் தறி:

துணி முறையை யாரும் சொல்லவில்லையே! 2014இல் கபீர், ஃபர்ட்டன் என்ற இருவர் கொண்டுவந்தது. பருத்தித் துணிமேல், கரைசலைக் களியாக்கிப் பூசும் சோல்-ஜெல் முறையில் ஒரு மெல்லிய பூச்சு. சின்னத் துண்டாக வெட்டி, பிளாஸ்மாவுக்குள்ளேயே போட்டுவிடலாம். புரதத்தை முதலில் வீழ்த்தவும் தேவையில்லை. மருந்து துணியில் ஏறும். எடுத்து, அலசி, கொஞ்சம் மெதனோலில் இறக்கினால் முடிந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கைத்தறி. நெசவின் இடைவெளிக்குள்ளால் திரவம் ஓடுவதால்தான் மருந்து விரைவாக ஏறுகிறது என்று வாசித்தபோது, உம்மா சாயத்தொட்டியில் நூலைத் திருப்பிப் போடுவதுதான் என் கண்முன் வந்தது. பூச்சு ஏற்றுவதற்கு நேரம் எடுக்கும், ஆனால் இளநிலை மாணவர் ஒருவருக்கு அருமையான வேலை.


எழுவான்கரைப் பிள்ளை:

காக்கா, அக்கா, இரண்டு பேருக்கும் கோடி நன்றி. 200 எடுத்து 200இல் கரைக்கிறேன் என்பது ஒன்றரை வருசமாக என் குறிப்புக் கொப்பியில் என் கையெழுத்தில் கிடக்கிறது. அதை ஒரு நாளும் நான் கேள்வி கேட்கவில்லை. துணி முறை ஆசையாக இருக்கிறது, ஆனால் என்னிடம் எட்டு மாதம்தான் மிச்சம்.

இரண்டு சந்தேகம். எதனோல் எடுப்பது எப்படி, கடையில் விற்கிற ஸ்பிரிட் சரிவருமா? முறையை மாற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்கவேண்டுமா?


சம்மாந்துறைக் காக்கா:

கடை ஸ்பிரிட் வேண்டவே வேண்டாம். குடிக்காமல் இருப்பதற்காகக் கலக்கும் சாமான்கள் யூ.வி.யில் காட்டும். நிறுவனத்தின் பெயரில் மதுவரி அனுமதி எடுத்துத்தான் சுத்தமான எதனோல் வாங்கவேண்டும். கடிதம் இன்றைக்கே தொடங்குங்கள். அது வரும்வரை அசற்றோநைத்திரைலிலேயே சின்னக் கொலத்தில் ஓடுங்கள், அதுவே பெரிய இலாபம். இன்னொன்று: பஃபர் இல்லாத வெறும் தண்ணீர் நமது சூட்டில் இரண்டு நாளில் பாசி பிடிக்கும். எதனோலைக் கலந்தே போத்தலில் வையுங்கள்.

சரிபார்ப்புக்கு மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐ.சி.எச். 2022இல் வெளியிட்ட எம்10 வழிகாட்டியைப் பாருங்கள். மாதிரி தயாரிக்கும் விதம் மாறினால் பகுதிச் சரிபார்ப்பு போதும். துல்லியம் 15 வீதத்துக்குள், மிகக் கீழ் அளவில் 20 வீதத்துக்குள். மிஞ்சிய பழைய மாதிரிகளை இரண்டு முறையிலும் ஓட்டி ஒப்பிட்டால் உங்கள் மேற்பார்வையாளருக்கும் நம்பிக்கை வரும்.


கல்லடிப் பாலம்:

நான் கொஞ்சம் வேறுவிதமாக நினைக்கிறேன். எதனோல் அனுமதி, புதுக் கொலம், அட்டை, துணி என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தலையில் போட்டுக்கொள்ளவேண்டாம் தங்கச்சி. டைக்குளோரோமெதேன் போனாலே பாதிக்கு மேல் வென்றுவிட்டீர்கள். பசுமைப் பகுப்பாய்வுக்கென்று 2013இல் 12 கோட்பாடுகளை எழுதினார்கள். அதில் முதலாவதே, மாதிரியைப் பாடுபடுத்தாமல் நேரடியாக அளக்கமுடிந்தால் அளந்துவிடு என்பதுதான். காக்காவும் அதைத்தான் சொன்னார்.

அந்த 12ஐயும் வைத்து மதிப்பெண் போட அக்ரீ என்று 2020இல் வந்த இலவச மென்பொருள் இருக்கிறது. வட்டமாக ஒரு படம் வரும், பச்சையிலிருந்து சிவப்பு வரை. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் போட்டு ஆய்வேட்டில் சேருங்கள். ஆனால் மதிப்பெண்ணுக்காக எதையும் செய்யவேண்டாம். மைனஸ் 80 பெட்டி ஒன்று ஒரு வீட்டுக்கான கரண்டை இழுக்கும்; காபமசெப்பினுக்கு அது தேவையா, மைனஸ் 20 போதுமா என்று நிலைப்புப் பரிசோதனை செய்து பாருங்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்புறம், கரைப்பானைப் பற்றிப் பேசுகிறோம், மருந்தை மறந்துவிட்டோம். காபமசெப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் இலேசில் உடையாத மருந்து. ஆற்றில் கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கே அதை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். தெரிந்த அளவு மருந்து கலந்து வைக்கும் நியமக் கரைசல்களில் மிஞ்சுவதையும் கழிவுப் போத்தலுக்குள்தான் ஊற்றவேண்டும், தொட்டிக்குள் ஒரு துளியும் வேண்டாம்.

பதினொரு போத்தலுக்கு: அட்டவணைப்படுத்திய கழிவு என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் ஒழுங்கு இருக்கிறது. உரிமம் உள்ளவர்கள் எடுத்து உயர் வெப்பத்தில் எரிப்பார்கள். ஒரு ஆய்வுகூடத்துக்காக லொறி வராது. பக்கத்து ஆய்வுகூடங்கள் மூன்று நாலு சேர்ந்து ஒரே நாளில் கொடுக்கப் பாருங்கள். குளோரின் உள்ளதையும் இல்லாததையும் கலக்காமல் வையுங்கள், பெயரும் திகதியும் எழுதி.


எழுவான்கரைப் பிள்ளை:

ஆறு கிழமைக்குப் பிறகு வந்து எழுதுகிறேன்.

டைக்குளோரோமெதேனை முதல் நாளே நிறுத்திவிட்டேன். 50 மைக்ரோலீற்றர் பிளாஸ்மா, 100 அசற்றோநைத்திரைல், அவ்வளவுதான். முன்பு விடியற்காலையில் தொடங்கி மத்தியானம் முடியும் வேலை இப்போது ஒரு மணித்தியாலத்தில் முடிகிறது. மிஞ்சியிருந்த 18 பழைய மாதிரிகளை இரண்டு முறையிலும் ஓட்டினேன். பதினேழு நெருங்கி நின்றன. ஒன்று மட்டும் தள்ளி நின்றது. பழைய கொப்பியைப் பார்த்தால் அன்று மின்வெட்டு, பாதியில் உலர்ந்த குழாய் அது.

கொலம் 150 × 3.0 ஒன்று இரவலாகக் கிடைத்தது. மதுவரிக் கடிதம் ஐந்தாம் கிழமை வந்தது. எதனோல் போட்ட முதல் நாள், கொலத்தைச் சூடாக்காமலேயே பம்ப்பைத் தொடங்கிவிட்டேன். அழுத்தம் ஏறி, முன்பிருந்தவர் வைத்த 150 பார் எல்லையில் மெசின் நின்றுவிட்டது. 45 பாகைக்கு வந்த பிறகு 105இல் அசையாமல் நின்றது. எதனோல் 32 வீதத்தில் மருந்தும், உடம்பில் அதிலிருந்து உண்டாகும் எப்பொக்சைட் வழிப்பொருளும் தோள் தொட்டுக்கொண்டு வந்தன. 28க்கு இறக்கினேன், நடுவில் அடிக்கோடு தெளிவாகத் தெரிகிறது. அச்செடுத்து மேசைக்கு முன்னால் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு கிழமை ஓட்டத்துக்கும் கழிவு ஒரு போத்தலின் பாதிக்கு வரவில்லை. பதினொரு போத்தலுக்கு வேறு மூன்று ஆய்வுகூடங்களோடு சேர்ந்து விண்ணப்பித்திருக்கிறோம். அதில் ஏழு குளோரின் உள்ளவை. அவற்றைத் தனியாக, வெயில் படாத மூலையில், தட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

விரல்குத்து முறைக்கு நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்தாயிற்று. பத்து நோயாளிகளிடம் பிளாஸ்மாவும் பொட்டும் சோடியாக எடுக்க முதலில் கேட்டிருக்கிறேன். மழை தொடங்க முன் முடிக்கவேண்டும். அக்கா, அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நிறம் மாறிய பிறகு அடுப்பில் காயவைத்துத் திரும்பப் பாவித்தீர்களா, ஒவ்வொரு முறையும் புதிதா?


படுவான்கரை அக்கா:

திரும்பப் பாவித்தோம் பிள்ளை. பொட்டலத்தோடு வைக்கவேண்டாம், உறை பொசுங்கும். மணிகளைக் கொட்டி, 110, 120 பாகை ஓவனில் இரண்டு மணித்தியாலம். சூடு ஆறும்போது இறுக்கமூடிய போத்தலுக்குள் இருக்கவேண்டும், இல்லையென்றால் நமது காற்றிலேயே திரும்ப ஈரத்தைக் குடித்துவிடும். சிரட்டைத் தண்ணீரைத் தினமும் மாற்று, நுளம்பு முட்டை போடும்.